வடிச்சல் தண்ணீருக்கு உறுதி இல்லை

ஓகஸ்ட் பிறந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே மாதிரியான முறைப்பாடு கிளம்பிவிடும். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலிலும் ஓடுகிறது. ஆனால் வாய்க்காலை ஒட்டிய மேட்டுக்காணியில் தென்னை குரும்பை கொட்டுகிறது, மாடு மேய்ந்த தரை வெடித்துக் கிடக்கிறது. "எனக்கு வரவேண்டிய தண்ணீரை மறித்துவிட்டார்கள்" என்கிறார் காணிக்காரர். "உங்களுக்கு எப்போது தண்ணீர் தந்தோம், இப்போது மறிப்பதற்கு?" என்று கேட்கிறது கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. இந்தப் பிணக்குகள் இழுபட்டுக்கொண்டே போவதற்குக் காரணமும் அதுதான்.

தோட்டமும் மேய்ச்சல் தரையும் வருடக்கணக்கில் குடித்து வந்த தண்ணீர் பெரும்பாலும் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத தண்ணீர். காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கும், அந்தத் தண்ணீருக்கு இருக்காது. அது நின்றுபோனால் யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

காலமும் சொற்களும்

மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதைக் கேட்டால் வறட்சி வருகிற இடம் என்றே தோன்றாது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் மழை எட்டிப்பார்ப்பதோடு சரி. போதாததற்கு, மலைநாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு சூடேறி இறங்கும் கச்சான் காற்று, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். மாரியில் தேங்கியதை வைத்துத்தான் மரமும் மாடும் கோடையைத் தாண்ட வேண்டும்.

பிணக்கில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை:

1. பெரும்போகம், சிறுபோகம். மாரி மழையோடு செய்வது பெரும்போகம். குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்வது சிறுபோகம். தண்ணீர்ச் சண்டைகள் அநேகமாகச் சிறுபோகத்துச் சண்டைகள்.

2. ஆரம்பக் கூட்டம். ஒவ்வொரு போகத்துக்கும் முன் அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, விவசாயிகளும் திணைக்கள அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கும் கூட்டம். எந்தக் கண்டத்துக்கு (வயற்பிரிவுக்கு) எத்தனை ஏக்கர், தண்ணீர் திறக்கும் திகதி, கடைசி விதைப்புத் திகதி, மாடுகளை வயற்பகுதியிலிருந்து வெளியேற்றும் திகதி எல்லாம் இங்கேதான் முடிவாகும். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்த முடிவுகளுக்குச் சட்டபூர்வமான பலம் கொடுக்கிறது. மீறினால் குற்றம்.

3. வட்டவிதானை. வட்டைக்குள், அதாவது ஒரு வயல்வெளிக்குள், தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்பவர். கடதாசியில் சிறிய பதவி, வயலில் பெரிய பதவி.

4. மேட்டுக்காணி. வயலாகப் பாய்ச்சப்படாத காணி, பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர் தானாக ஏறாது. தென்னை, மா, கஜு எல்லாம் இங்கேதான். மேய்ச்சல் தரையும் பாதி இங்கே, பாதி வயலோரத்துத் தாழ்நிலத்தில்.

5. வடிச்சலும் கசிவும். வயல் குடித்து மிஞ்சி வெளியேறுவது வடிச்சல். மண் வாய்க்காலின் அடியாலும் கரையாலும் நிலத்துக்குள் இறங்குவது கசிவு. நீர்ப்பாசனக் கணக்கில் இரண்டும் நட்டம். பக்கத்துத் தோட்டக்காரருக்கோ அதுதான் வரவு.

தோட்டம் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு காணியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பத்து ஏக்கர். ஐந்தில் தென்னை, ஓரங்களில் மா. மற்ற ஐந்து புல்தரை. நாற்பது மாடு நிற்கும் பட்டி ஒன்று. மேற்கு எல்லையில் சற்று உயரத்தில் ஒரு மண் வாய்க்கால், அதற்கப்பால் வயல். தோட்டத்து நடுவில் பத்தடி அகலக் கட்டுக்கிணறு.

கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தால் வழக்கின் பாதி அங்கேயே தெரியும். சுவரில் ஓரிடத்தில் பாசிக் கோடு ஒன்று ஓடும். வருடக்கணக்காகக் கோடையில் தண்ணீர் நின்ற மட்டம் அது. அதற்குக் கீழே வெறும் செங்கல், அதற்கும் கீழே வெளிறிய களி, ஆழத்தில் ஒரு குட்டை. வாளிக் கயிற்றில் புதிதாக ஒட்டுப்போட்டிருக்கும்.

அந்தப் பாசிக் கோட்டை வைத்திருந்தது மழை மட்டும் என்று காணிக்காரர் நினைத்திருக்கலாம். உண்மையில் கோடையில் அதைத் தாங்கிப் பிடித்தது வாய்க்காலும் அப்பால் இருந்த வயலும். சிறுபோகத்தில் வயலில் நின்ற தண்ணீர் கீழிறங்கி, சரிவின் வழியே தோட்டத்து வேர்களுக்கு வந்தது. மிஞ்சிய வடிச்சல் தாழ்ந்த ஓரத்தில் தேங்கிப் புல்லைப் பச்சையாக வைத்தது. மாடு குடித்ததும் அதே குட்டையில்தான். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவுமில்லை. அது பாட்டுக்கு வந்தது.

நின்றுபோவதற்கு நாலு வழி உண்டு:

1. அந்தக் கண்டத்துக்கு இந்த முறை சிறுபோகம் இல்லை. குளத்தின் இருப்புக் குறைந்த வருடத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் செய்கை என்று கூட்டம் முடிவெடுக்கும். 2016இன் கடைசியில் மழை பொய்த்து 2017 வரை நீண்ட வறட்சியில் இப்படிக் காய்ந்த கண்டங்கள் பல.

2. வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போடப்பட்டது.

3. அயலில் புதிதாகக் குழாய்க்கிணறோ பெரிய விவசாயக் கிணறோ வந்து, மோட்டர் நாள் முழுக்க ஓடுகிறது.

4. குளத்துத் தண்ணீர் குடிநீருக்கு ஒதுக்கப்பட்டது. உன்னிச்சைக் குளம் வயலுக்கு மட்டும் உரியதல்ல, மட்டக்களப்பு நகரப் பக்கத்துக் குடிநீருக்கும் அதுவே மூலம். அம்பாறையில் கொண்டெவெட்டுவான் குளமும் அப்படித்தான். "குளத்தில் தண்ணீர் தெரிகிறதே" என்று கேட்பவருக்கு அதிகாரி சொல்லும் பதில் அநேகமாக இதுதான். தவிர, துருசின் (குளத்து மதகின்) மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியுமே ஒழிய வாய்க்காலுக்கு வராது.

இந்த நாலில் எது நடந்தது என்று பிரித்துப் பார்க்காமல் முறைப்பாடு எழுதினால் அது தவறான மேசைக்குப் போய்ச் சேரும். நாலுக்கும் எதிர்த்தரப்பு வேறு, சட்டம் வேறு.

கிணற்றுக் கணக்கு

"கிணறு இருக்கிறது, மோட்டர் போட்டு இறைத்துக்கொள்ளுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாடு: ஒரு மாடு கோடையில் நாளுக்குச் சுமார் 40 லீட்டர் குடிக்கும் என்று வைத்தால், நாற்பது மாட்டுக்கு 1,600 லீட்டர். பத்தடி அகலக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் சுமார் 2,200 லீட்டர். ஓரடிக்கும் குறைவான தண்ணீரில் பட்டி முழுவதும் குடித்துவிடும்.

தென்னை: 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம். மரத்துக்கு நாளுக்கு 50 லீட்டர் என்று குறைத்தே வைப்போம். ஏக்கருக்கு 3,200, ஐந்து ஏக்கருக்கு 16,000 லீட்டர். கிணற்றில் நாள்தோறும் ஏழடிக்கு மேல் ஊற வேண்டும். மோட்டர் இதை அரை மணி நேரத்தில் இறைத்துவிடும். ஊற்று அந்த வேகத்துக்கு வருமா என்பதுதான் கேள்வி.

புல்: கோடையில் பச்சைத் தரையிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 20,000 லீட்டர். ஐந்து ஏக்கருக்கு ஒரு லட்சம் லீட்டர். அதாவது கிணற்றில் 45 அடித் தண்ணீர், ஒவ்வொரு நாளும். எந்தக் கிணறும் இதற்குக் காணாது.

மாட்டின் தாகத்தைக் கிணறு தீர்க்கும், தென்னையை ஊற்று நல்லாக இருந்தால் இழுத்துப் பிடிக்கும், புல்லைக் காப்பாற்றாது. மேய்ச்சல் தரை மழையிலும் வடிச்சலிலும் மட்டுமே நிற்கிற சொத்து. நட்டஈடு கேட்கும்போது மூன்றையும் ஒரே தொகையாகக் கட்டிக் கேட்பது பலவீனம். "கிணற்றால் தவிர்த்திருக்கலாமே" என்ற எதிர்வாதம் முதல் இரண்டுக்கு எடுபடும், மூன்றாவதுக்கு எடுபடாது.

கடலோரக் காணியில் கணக்கு இன்னும் மோசம். திருக்கோவில், அக்கரைப்பற்றுப் போன்ற மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் கணக்குப்படி நாற்பது அடி வரை மேலேறப் பார்க்கும். அடித்து இறைத்தால் கிணறு உவர்ந்துபோகும், திரும்ப நன்னீராக ஒரு நல்ல மாரி போதாமலும் போகலாம்.

யாருடைய தண்ணீர்?

இதில் நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுதான். மூலத்தைப் பொறுத்து உரிமை மாறுகிறது.

1. குளத்து வாய்க்கால் தண்ணீர். செய்கைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட காணிக்கு, கூட்டத்தில் முடிவான அளவில் மட்டும். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் சிறிய குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், மத்தியினதோ மாகாணத்தினதோ. மேட்டுக்காணித் தோட்டம் பாசனப் பரப்புக்குள் இல்லாவிட்டால் "எனக்குத் திறந்து விடவில்லை" என்ற வழக்கு அங்கேயே விழுந்துவிடும். வாய்க்காலில் குழாய் போட்டு இறைத்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தோட்டக்காரர்.

2. ஆறும் ஓடையும். பொது நீரோடைகளின் கட்டுப்பாடு அரசுடையது என்கிறது 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம். கரையோரக் காணிக்காரர் வீட்டுக்கும் மாட்டுக்கும் எடுப்பது வேறு, அணை கட்டித் திருப்புவது வேறு. பின்னதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலே ஒருவர் அனுமதி இல்லாமல் மறித்திருந்தால் இங்கே வலுவான முறைப்பாடு உண்டு. முந்தனை ஆற்றைப் போல மேற்பகுதி அம்பாறை மாவட்டத்திலும் கீழ்ப்பகுதி மட்டக்களப்பிலும் இருந்தால், இரண்டு மாவட்டச் செயலகங்களின் கதவையும் தட்ட வேண்டிவரும்.

3. நிலத்தடி நீர். இலங்கையில் பின்பற்றும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொது நிலை காணிக்காரர் பலருக்குக் கசக்கும்: தன் காணிக்குள் கிணறு தோண்டி இறைப்பவர், அதனால் பக்கத்துக் கிணறு வற்றினாலும் பொதுவாகப் பொறுப்பாளி ஆகமாட்டார், கெடுக்கும் நோக்கத்தோடு செய்தார் என்று காட்டினாலொழிய. நோக்கத்தைக் காட்டுவது லேசுப்பட்ட வேலையல்ல. நிலத்தடி நீர் பற்றிய தொழில்நுட்ப விசாரணைக்கு 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நீர்வளச் சபையை அணுகலாம்.

4. வடிச்சலும் கசிவும். வெறுமனே வந்துகொண்டிருந்தது என்பதால் உரிமை பிறக்காது. ஆனால் இன்னொருவரின் காணி வழியே வெட்டப்பட்ட வாய்க்காலால் பத்து வருடத்துக்குக் குறையாமல், இடைவிடாமல், உரிமையாகவே நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருந்தால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் துணைக்கு வரலாம். இது தனியார் காணிக்கு எதிராகத்தான். அரசின் காணிக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்குச் செல்லாது. படுவான்கரையிலும் அம்பாறையின் கல்லோயாப் பக்கத்திலும் வாய்க்காலும் ஒதுக்குக் கரையும் பெரும்பாலும் அரச காணி என்பதை நினைவில் வைத்தால், இந்த வாசல் எவ்வளவு குறுகியது என்று புரியும்.

இன்னொரு பொறி: தோட்டம் நிற்பது ஒருகாலத்து வயற்காணியா? நெற்காணியில் நிரந்தரப் பயிர் வைப்பதற்குக் கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இதில் கறார். அனுமதியில்லாமல் நட்ட தென்னைக்குத் தண்ணீர் கேட்டு மனுப் போடுவது, தன் தலையில் தானே மண் அள்ளிப்போடும் காரியம்.

மாட்டின் பக்கம்

மேய்ச்சல் தரைக்குள்ள பிரச்சினை தோட்டத்தைவிடச் சிக்கலானது, பேசப்படுவதோ குறைவு. பெரும்போகம் தொடங்கும்போது மாடுகள் வயலைவிட்டு மேற்கே காட்டோர மேய்ச்சலுக்குப் போகும். அறுவடை முடிந்ததும் வயலில் மிஞ்சிய அரிதாளை மேயத் திரும்பும். இந்தச் சுற்றில் எந்த இடம் அடைபட்டாலும் அமுக்கம் தனியார் தரைமேல் வந்து விழும். மகாவலி அதிகாரசபையின் நிருவாகத்துக்குள் வரும் மயிலத்தமடு, மாதவணையில் மேய்ச்சல் நிலம் பயிர்ச்செய்கைக்காகப் பிடிக்கப்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதன் பின்னணி இதுதான். அங்கே போக முடியாத பட்டி இங்கேயே நிற்கும். நாற்பது மாட்டுக்கு இருந்த தரையில் எழுபது மேயும். அப்புறம் புல் காய்ந்தது தண்ணீராலா, குளம்பாலா என்று பிரிப்பது கஷ்டம்.

சட்டத்தில் மாட்டுக்கு ஒரு பழைய துணை உண்டு. அயற்காணியின் வழியே மாட்டை நீருக்கு ஓட்டிச் செல்லும் உரிமையை ரோமன் டச்சுச் சட்டம் தனியாகவே ஏற்கிறது. நீர் மொள்ளும் உரிமை, நீரைக் கொண்டுசெல்லும் உரிமை ஆகியவற்றின் வரிசையில் வருவது இது. பழைய மாட்டுப்பாதையை யாராவது கம்பி வேலியால் அடைத்திருந்தால், தண்ணீர்ப் பற்றாக்குறை என்று பொதுவாக எழுதுவதைவிடப் பாதை அடைப்பு என்று எழுதுவது எத்தனையோ மடங்கு வலுவானது.

நட்டத்தை நிரூபிப்பது

தென்னை தாமதமாகப் பேசும் மரம். பாளை வெடித்ததிலிருந்து தேங்காய் முற்ற ஏறத்தாழ 12 மாதம். பூங்கொத்தின் கரு உருவாவதோ அதற்கும் வெகு முன்னால். இந்த ஓகஸ்ட் வறட்சியின் முழு நட்டம் அடுத்த வருடத்துப் பறியலிலும் அதற்கடுத்த வருடத்துப் பறியலிலும்தான் தெரியும். அதற்குள் மாரி பெய்து வாய்க்கால் நிறைந்து, "எங்கே வறட்சி?" என்று கேட்கிற நிலை வந்திருக்கும். எதிர்த்தரப்புக்கும் கைவசம் பதில்கள் இருக்கும்: வெண் ஈ தாக்கம், கச்சான் காற்று, மரத்தின் வயது. மா இன்னும் குழப்பும். ஓரளவு வறட்சி வந்தால்தான் அது நன்றாகப் பூக்கும்.

ஆகவே பதிவுதான் வழக்கு:

1. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், இறைப்பதற்கு முன், கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து திகதியோடு எழுதுதல். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி போதும்.

2. பறியலுக்குப் பறியல் காய்க் கணக்கு, வறட்சிக்கு முன்னைய வருடங்களோடு.

3. வாய்க்காலுக்குத் தொலைவில் உள்ள ஒரு தோட்டத்தின் நிலை. அங்கும் அதே அளவு காய்ந்திருந்தால் காரணம் வானம். இங்கே மட்டும் காய்ந்திருந்தால் காரணம் வாய்க்கால். இந்த ஒப்பீடு இல்லாத முறைப்பாட்டை எந்த அதிகாரியும் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிடலாம்.

4. ஆரம்பக் கூட்ட அறிக்கையின் பிரதி, வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவு, குளத்து நீர்மட்டப் பதிவு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

எந்தக் கதவு?

முதலில் கமக்காரர் அமைப்பும் கமநல சேவை நிலையமும், பிறகு பிரதேச செயலாளர். தனியாருக்கிடையே என்றால் மத்தியஸ்த சபை. வேலி அடைத்து, மண்வெட்டி தூக்கி, அடிதடி வரப்போகிறது என்ற நிலையில் பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அறிக்கை போடும். ஊரில் "அறுபத்தாறு வழக்கு" என்பார்கள். வழி, வாய்க்கால் போன்ற அயற்காணி உரிமைகளும் அதற்குள் வரும். ஆனால் அது சமாதானத்தைக் காக்கும் தற்காலிக ஏற்பாடு, உரிமையின் இறுதித் தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்தில்தான். அரச அதிகாரியின் முடிவே சட்டத்துக்கு முரண் என்றால் எழுத்தாணை (ரிட்) மனு.

காப்புறுதியை நம்பியிருப்பவர் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். அரசின் வறட்சி நட்டஈடு நெல்லையும் குறிப்பிட்ட சில வயற்பயிர்களையும் சுற்றியே அமைந்தது. தோட்டத்துக்கும் மாட்டுக்கும் தனியாகப் பணம் கட்டிக் காப்புறுதி எடுத்திருந்தால்தான் உண்டு. தென்னை உதவிகளுக்குத் தெங்குச் செய்கைச் சபை.

வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போட்டால்

1979இல் தொடங்கிய கல்லோயா நீர் முகாமைத்துவத் திட்டம் இடதுகரையில் ஒன்றைக் காட்டியது: தலைப்பகுதி விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து சிக்கனமாகப் பாய்ச்சினால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும். நல்ல காரியம். ஆனால் தலைப்பகுதியில் மிச்சமான ஒவ்வொரு துளியும் அதற்கு முன் எங்கோ கசிந்துகொண்டிருந்த துளி. அங்கே ஒரு தென்னையோ ஒரு குட்டையோ அதை நம்பி இருந்திருக்கும். சிக்கனம் என்பது ஒருவரின் கசிவை எடுத்து இன்னொருவரின் வயலுக்குக் கொடுப்பது. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கப்பட்டவரின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

கொங்கிரீட் வாய்க்கால் வரப்போகிறது என்று தெரிந்தால் தோட்டக்காரரும் பட்டிக்காரரும் கேட்கக்கூடியவை எளியவை. மாடு இறங்கிக் குடிக்கவும் ஏறவும் சாய்தளம், வழுக்கும் சாய்சுவரில் கன்று விழுந்தால் தானாக ஏறாது. வடிச்சல் வாய்க்காலின் தாழ்ந்த இடத்தில் ஒரு குட்டை. பட்டியின் குடிநீரை ஆரம்பக் கூட்டத்து அறிக்கையில் ஒரு வரியாக எழுதுவித்தல். நாளுக்கு 1,600 லீட்டர் என்ற எண்ணைச் சொல்லிக் கேட்டால், குளத்துக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை என்று பொறியியலாளருக்கே தெரியும். இதையெல்லாம் மதிப்பீடு தயாராகும்போதே கேட்க வேண்டும். ஒப்பந்தகாரர் மண் வெட்டத் தொடங்கிய பிறகு கேட்டால், "அடுத்த ஒதுக்கீட்டில் பார்ப்போம்" என்ற பதிலோடு கோப்பு மேசைக்கு அடியில் போய்விடும்.